லிஸ்ட் வராத தெரு

"உங்க தெருவுக்குப் போட்டு வரலம்மா. சாயங்காலம்தான்."

படகு கேட்டு ஜெனி போன் செய்த வெள்ளக் கட்டுப்பாட்டு அறை ஆள் சொன்னார். அவள் மடியில் எட்டு மாதக் குழந்தை அனலாய்க் கொதித்தது.

முடிச்சூரில் அவள் குடியிருந்த கீழ்வீட்டில் விடிகாலையிலேயே தண்ணீர் புகுந்துவிட்டது. மாடி வீட்டு ஞானம்மாள் டீச்சரிடம் வந்து ஒண்டியிருந்தாள். நேற்று வேலைக்குப் போன கணவன் எபியை, மாற்று ஆள் வரவில்லை என்று கம்பெனியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். உள்ளே செல்போன் கூடாது. லாக்கரில் பூட்டிவிட வேண்டும். காலையிலிருந்து அவன் நம்பருக்கு முப்பது தடவை அடித்துவிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில்தான் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள்.

"பக்கத்துத் தெருவுக்குப் படகு வந்துச்சே சார். மாடியிலேர்ந்து பார்த்தேனே."

"அங்க லிஸ்ட் குடுத்தாங்கமா. கீறது ஒரே போட்டு. எந்த வூட்ல கைக்கொழந்த, எங்க புள்ளத்தாச்சின்னு அந்தந்தத் தெரு பொம்பள பொறுப்பாளர் சொல்லணும். உங்க தெரு அம்மாக்கு ராத்திரிலேர்ந்து அடிக்கிறோம். எடுத்தாத்தானே? சரி, யாரும் இல்ல போலன்னு போட்ட அந்தாண்ட அனுப்பிட்டோம்."

"எங்க தெருவுக்குப் பொம்பளை பொறுப்பாளரா? யாரு சார்?"

"உங்க குடியிருப்போர் சங்கம் குடுத்த பேப்பர்ல கீதேமா. அந்தம்மா ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மொத நடையிலயே உன் கொழந்த ஆஸ்பத்திரி போயிருக்கும்."

டீச்சர் குழந்தையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டார். "பதவின்னா மட்டும் முன்னால வந்து நிப்பாளுங்க."

ஜெனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முடியலேன்னா எதுக்கு சார் பேரைக் கொடுக்கணும்? அவளும் பிள்ளை பெத்தவதானே? என் குழந்தைக்கு ஒண்ணுன்னா அவதான் பதில் சொல்லணும். நம்பரைக் கொடுங்க. நானே கேட்கிறேன்."

டீச்சர் கிழித்துக் கொடுத்த காலண்டர் தாளில் எழுத ஆரம்பித்தாள்.

ஐந்தாவது எண்ணோடு பென்சில் நின்றது. மீதி ஐந்தை அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. காலையிலிருந்து முப்பது தடவை அடித்த நம்பர்.

அக்டோபரில் ஒரு நாள், குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது எபி ஒரு ஃபாரத்தை நீட்டியது நினைவுக்கு வந்தது.

"சங்கத்துல பொம்பளைப் பேரு ஒண்ணு கேட்கிறாங்க ஜெனி. டிரெயினிங்குக்கெல்லாம் நீ வரமாட்டேன்னு நானே சொல்லிட்டேன். உன் நம்பர் கண்டவன் கைக்கும் போக வேணாம்னு என்னுதப் போட்டிருக்கேன். கையெழுத்து மட்டும் போடு."

என்னவென்று படிக்கவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போட்டாள். எவ்வளவு அக்கறை என்று அன்றைக்கு மனசு குளிர்ந்துகூடப் போனது.

"யாராம் ஜெனி அந்த மகராசி?" என்றார் டீச்சர்.

போனில் அந்த ஆள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"எழுதிக்கினியாமா? அந்தம்மா கெடச்சா விடாத. இப்ப என்னாண்ட கேட்டியே, அத அப்படியே கேளு. பேரு ஜெனி எபினேசர்."