வியாழக்கிழமை மூன்றாம் பீரியட்

"அந்தக் கணக்கு சாருக்கு மனசாட்சியே கிடையாதா மேடம்?"

தலைமை ஆசிரியையின் அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் பொரிந்து தள்ளினாள், புதிதாக வந்த பேச்சுப் பயிற்சி டீச்சர்.

வேலைக்குச் சேர்ந்து அவள் நாற்காலி இன்னும் சூடாகவில்லை. அதற்குள் திக்கிப் பேசும் பிள்ளைகள், எழுத்தை விழுங்கும் பிள்ளைகள், வாயே திறக்காத பிள்ளைகள் என்று ஒரு பட்டாளத்தையே அவள் தலையில் கட்டிவிட்டார்கள். ஒவ்வொருவரையும் ஏதாவது ஒரு பாடவேளையில் வகுப்பிலிருந்து கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். அறிவியல் டீச்சர், சோதனைக்கூட நேரத்தில் கை வைக்காதே என்றார். ஓவிய டீச்சர் தாராளமாகத் தந்தார், ஆனால் அவருக்கே வாரத்தில் ஒரு பீரியட்தான். விளையாட்டு நேரத்தில் கூப்பிட்டால் பிள்ளைகளே ஊரைக் கூட்டினார்கள்.

அவள் அசரவில்லை. சுவரில் பெரிய அட்டை ஒன்றை மாட்டினாள். கட்டம் போட்டாள். பிள்ளைக்கு ஒன்றாக வண்ணச் சீட்டுகளை ஒட்டினாள், பிய்த்தாள், மறுபடி ஒட்டினாள். ஒரு வழியாக எல்லாருக்கும் இடம் கிடைத்தது, ஒரே ஒரு மஞ்சள் சீட்டைத் தவிர.

மஞ்சள் சீட்டு, நாலாம் வகுப்புச் சிறுமி. விடை தெரிந்தாலும், திக்கினால் சிரிப்பார்களே என்று பயந்து, தெரியாது எனத் தலையாட்டிவிடுகிறவள். அவளை உட்காரவைக்க மிச்சமிருந்த ஒரே இடம் வியாழக்கிழமை மூன்றாம் பீரியட். அது கணக்கு. இன்று மாலைக்குள் அட்டவணை முடிய வேண்டும். இடம் கிடைக்காத பிள்ளைக்கு அடுத்த வருஷம்தான் பயிற்சி.

கணக்கு சாரிடம் பீரியட் கேட்பது கல்லில் நார் உரிக்கிற வேலை என்று ஆசிரியர்கள் அறையில் முன்பே சொல்லியிருந்தார்கள். மனுஷன் யாரோடும் கலகலப்பாகப் பேசமாட்டார். வகுப்பிலும் பாதி நேரம் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு நிற்பார். சரியான தலைக்கனம் என்று எல்லாருமே முடிவு கட்டியிருந்தார்கள். இவளும் அவரை வராந்தாவில் மடக்கி, விஷயத்தை மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அடுத்த பிள்ளையைப் பார்க்க ஓடிவிட்டாள்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டார் தலைமை ஆசிரியை.

"மூணு தடவை என் ரூம் வாசல்ல வந்து நின்னார் மேடம். மூணு தடவையும் முடியாதுன்னுட்டார்."

"முடியாதுன்னேவா சொன்னார்?"

"முதல் தடவை, 'வியாழக்கிழமை'ன்னு இழுத்தார். பாடம் முடியல, அதானே சார்னு கேட்டேன். பேசாம போயிட்டார். அடுத்த தடவை, 'அந்தப் பொண்ணு'ன்னு ஆரம்பிச்சார். கணக்குல பின்தங்கிடுவா, புரியுது சார்னேன். தலையை ஆட்டிட்டுப் போயிட்டார். நேத்து வந்து வாயைத் திறந்துட்டு அப்படியே நிக்கிறார். சங்கடப்படாதீங்க சார், நான் மேடம்கிட்டயே பேசிக்கிறேன்னு அனுப்பிட்டேன்."

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆக, மூணு தடவையும் முடியாதுன்னு சொன்னது நீங்கதான்."

  

கணக்கு சாரை வரச் சொல்லி ஆளனுப்பிவிட்டு அவள் தன் அறைக்குத் திரும்பினாள். கதவில், பெற்றோர் பார்ப்பதற்காக அவளே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியது கண்ணில் பட்டது: 'குழந்தை பேசும்போது வார்த்தையை எடுத்துக் கொடுக்காதீர்கள். முடிக்கும்வரை காத்திருங்கள்.' சுருக்கென்றது. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறாள்.

கடைசி மணி அடித்ததும் கணக்கு சார் வந்தார். வழக்கம்போல வாசலிலேயே நின்றார்.

"உட்காருங்க சார். சொல்லுங்க," என்றாள். அத்தோடு வாயை மூடிக்கொண்டாள்.

அவர் உட்கார்ந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. 'பாடம் முடியலையா சார்' என்பது அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினாள். அவர் கண்ணை ஒருமுறை இறுக்கி மூடித் திறந்தார்.

"வி... வியாழக்கிழமை... என் பீரியடை எடுத்துக்கோங்க."

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் மஞ்சள் சீட்டைக் கட்டத்தில் ஒட்டினாள். நன்றி சொல்லவும் மன்னிப்புக் கேட்கவும் திரும்பினாள். அவர் கையை உயர்த்தினார். இன்னும் முடிக்கவில்லை போல. மறுபடி காத்திருந்தாள்.

"விட்டுப்போற கணக்கை... நா... நானே அவளுக்குச் சொல்லித் தர்றேன்."

அப்போதும் அவர் எழுந்திருக்கவில்லை. அட்டையின் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளி விட்ட பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ள அவள் தனக்கென்று வைத்திருந்த ஒரு கட்டம் அங்கே காலியாக இருந்தது.

"அதுல... எ... எனக்கு ஒரு சீட்டு ஒட்டுவீங்களா டீச்சர்?" என்றார். "எனக்கும் நா... நாலாம் வகுப்புலேருந்து இதேதான்."