கடைசி மட்டையில் சேறு

கையும் களவுமாகப் பிடிப்பது என்பார்கள். செயலாளர் அன்று பிடித்தது கையும் சேறுமாக.

கோல்ஃப் கிளப்பின் மட்டை அறையில், வாளியில் குழைத்த சேற்றை எடுத்து, பளபளவென்று இருந்த மட்டைகளின் பந்தடிக்கும் முகத்தில் பூசிக்கொண்டிருந்தார், அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் அறைக்காரர். அதுவும் ஏனோதானோ என்று இல்லை. பழைய டூத் பிரஷ்ஷால், முகத்தில் வெட்டியிருக்கும் ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் இறங்கும்படி.

செயலாளருக்கு ரத்தம் தலைக்கேறியது. ஆடி முடித்த மட்டைகளை வெந்நீரில் கழுவி, கோடுகளில் ஒரு புல் நுனிகூட இல்லாமல் தேய்த்து, ஈரம் போகத் துடைத்துத்தான் பையில் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டவரே அவர்தான். உறுப்பினர்கள் முதுகுக்குப் பின்னால் தன்னைப் 'பினாயில்' என்று கூப்பிடுவது அவருக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

"யோவ், என்னய்யா பண்றே?"

அறைக்காரர் துள்ளி எழுந்தார். பிரஷ் வாளிக்குள் விழுந்தது.

"யார் பை இது?"

"ரிட்டயரான பேங்க் மேனேஜர் சாரோடது சார்."

"பையில சீட்டு தொங்குதே, படிச்சியா? 'கழுவ வேண்டாம், வீட்டில் கழுவிக்கொள்வோம்.' கழுவ வேண்டாம்னா சேறு பூசுன்னு அர்த்தமா? அவர்மேல உனக்கு என்ன கோபம்?"

"ஐயோ, அவர் தங்கமான மனுஷர் சார்."

"அப்புறம் எதுக்கு இந்த வேலை?"

"காரணம் இருக்கு சார். வெளியில சொல்றதில்லைன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

"வாக்காம் வாக்கு! இருபது வருஷம் வேலை பார்த்தவன் செய்யற காரியமாய்யா இது? நாளையிலேருந்து வர வேண்டாம், போ."

அறைக்காரரின் முகம் செத்துவிட்டது. ஆனாலும் கெஞ்சவில்லை.

"சரி சார். இந்தப் பையை மட்டும் முடிச்சுக் கொடுத்துட்டுப் போறேன். அவர் கார் வந்துடும்."

திமிரைப் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டே மாடி ஏறினார் செயலாளர். வேலைநீக்கக் கடிதத்தை மளமளவென்று அடித்து முடித்தார். பிறகுதான் உறைத்தது. மட்டைகளைக் கழுவப்போவது மேனேஜரின் மனைவி. அவரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுவதுதான் மரியாதை. போனை எடுத்தார்.

"அம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்க வீட்டுக்காரர் மட்டையில எங்க ஆள் ஒருத்தன் வேணும்னே சேறு பூசிட்டான். நானே நேர்ல பார்த்தேன். வேலையைவிட்டே அனுப்பிட்டேன்."

மறுமுனையில் அந்த அம்மா பதறினார்.

"அடப்பாவமே! அந்த மகராசனா செய்யறார்? அவரை அனுப்பிடாதீங்க தம்பி. எங்க வீட்டுக்காரர் மட்டையைத் தொட்டே மூணு மாசமாச்சு."

"என்னம்மா சொல்றீங்க? சனிக்கிழமை தவறாம வர்றாரே!"

"வர்றார். நாலு பேரோட பேசி உட்கார்ந்துட்டு வர்றார். தோள்பட்டை போயிடுச்சு, இனி ஆடவே கூடாதுன்னு டாக்டர் எழுதின சீட்டை இவர் சட்டைப் பையில பார்த்தேன். எனக்குத் தெரிஞ்சா நான் உடைஞ்சுபோயிடுவேன்னு மறைக்கிறார். நானும் 'இன்னிக்குப் பலமான ஆட்டம் போலிருக்கே'ன்னு சொல்லிக்கிட்டே கழுவறேன்."

"அது பூசின சேறுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அம்மா சிரித்துவிட்டார்.

"முப்பது வருஷமா கழுவறேன் தம்பி. பந்தை மெல்ல உருட்டிக் குழியில விடற மட்டை, அதான் கடைசியா எடுக்கிறது, அது மண்ணைத் தொடவே தொடாது. இப்போ மூணு மாசமா அதுலயும் கழுத்து வரைக்கும் சேறு!"

செயலாளர் நெற்றியில் அடித்துக்கொண்டார். இது அவருக்கே தோன்றாமல் போய்விட்டதே!

"இன்னிக்குச் சாயங்காலம் பெரியவன் வர்றான். அவனும் ஆடறவன். அந்த மட்டையைப் பார்த்தா ஒரு நொடியில கண்டுபிடிச்சுடுவான். 'அப்பா இனிமே வீட்டோட கிடக்கட்டும்'னுடுவான். இருக்கிறது அந்த ஒரு சனிக்கிழமைதான் தம்பி. அதுவும் போச்சுன்னா இவர் நாலு சுவரைப் பார்த்தே படுத்துடுவார்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கடைசி மட்டையை மட்டும் துடைச்சு அனுப்பச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு இவருக்கும் அந்த மகராசனுக்கும் தெரிய வேண்டாம்."

செயலாளர் கடிதத்தை நாலாகக் கிழித்தார். இரண்டிரண்டு படியாகத் தாவிக் கீழே வந்தார்.

அறைக்காரர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டப் போனார். செயலாளர் அதைப் பிடித்து இழுத்துக் கீழே வைத்தார். கடைசி மட்டையை உருவி, தன் வெள்ளைக் கைக்குட்டையாலேயே முகம் தெரியும்வரை துடைத்தார். பிறகு பையின் பக்கவாட்டு உறையைத் திறந்து மேனேஜரின் ஷூவை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

அவருக்கு மறுபடியும் ரத்தம் தலைக்கேறியது.

"இருபது வருஷம் வேலை பார்த்தவன் செய்யற காரியமாய்யா இது? ஷூ அடியில ஒரு பொட்டுச் சேறுகூட இல்லையே! எடு அந்த வாளியை!"