பின்பலகை

அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தியதும் அது கண்ணில் பட்டது.

ஈரமண் கோடு. தரையோரத்தில் கிளம்பி, சுவரில் கொஞ்சதூரம் ஏறி, அங்கிருந்து பின்பலகைக்குத் தாவியிருந்தது.

சவரிநாதன் விரலால் கீறினான். மண் உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாய் ஓடின.

மருந்து டப்பா கையில் இருந்தது. பிரஷ்ஷும் இருந்தது. காலையிலிருந்து அவனுக்கு அந்த வேலைதான். மழை பிடிப்பதற்குள் வீட்டு மரச்சாமான் எல்லாவற்றுக்கும் கரையான் மருந்து அடித்துவிடுவது என்று இறங்கியிருந்தான். கட்டிலைக் கவிழ்த்துக் கால்களில் மருந்தை ஊறவிட்டாயிற்று. கதவு நிலை, ஜன்னல் சட்டம், சாப்பாட்டு மேசை எல்லாம் முடிந்தது.

பாக்கி இது ஒன்றுதான்.

அமலதாஸ் செய்த அலமாரி.

அமலதாஸ், சவரிநாதனின் மனைவி ரெஜினாவுக்கு முதல் கணவன். தச்சன் இல்லை, லாரி ஓட்டியவன். கல்யாணமான புதிதில், தேக்கு வாங்க வக்கில்லாமல் மாமரப் பலகை வாங்கிவந்து, பக்கத்து வீட்டில் ரம்பம் இரவல் கேட்டு, அவளுக்காகத் தானே செய்தானாம். இதைச் சவரிநாதனுக்குச் சொன்னதுகூட ரெஜினா இல்லை. அவள் தங்கை. செத்துப்போன அந்த மனிதனைப் பற்றி ரெஜினா இந்த வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேசவில்லை. துடைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், கட்டிய புடவையைக்கூட மாற்றாமல், பழைய துணியில் தேங்காயெண்ணெய் தொட்டு அலமாரிக் கதவைத் துடைப்பாள். மெதுவாக. இழைப்புளி சரியாக ஓடாமல் சொரசொரத்த இடங்களில் அவள் விரல் தானாக நின்று போகும்.

சவரிநாதன் பேப்பர் படிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பான்.

அவன் முதுகில் அவள் விரல் ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

செத்தவனோடு என்ன போட்டி என்று தன்னையே திட்டிக்கொள்வான். அந்தத் திட்டு அடுத்த ஞாயிறுவரைதான் தாங்கும். நல்ல தேக்கில் கட்டில் வாங்கிப் போட்டான். அவள் அதன்மேல் உட்கார்ந்து துணி மடித்தாள். அவ்வளவுதான்.

பிரஷ்ஷை டப்பாவுக்குள் விட்டு எடுத்தான். மருந்து சொட்டியது.

பிறகு பிரஷ்ஷில் இருந்ததை டப்பாவிலேயே வழித்துவிட்டு மூடினான். அலமாரியைச் சுவரோடு தள்ளி வைத்தான்.

"அலமாரிக்கும் அடிச்சிட்டீங்களா?" அடுப்படியிலிருந்து ரெஜினா கேட்டாள்.

"ம். அடிச்சாச்சு."

*

அந்த மழைக்காலம் முழுக்க அவன் நல்லவனாக இருந்தான்.

பூ வாங்கிவந்தான். குழம்பில் உப்பு கூடினால் சொல்லவில்லை. அவள் துடைக்கும்போது பேப்பரை நிஜமாகவே படித்தான்.

அவள் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில் பலகையில் காதை வைத்துப் பார்ப்பான். நெறுநெறுவென்று ஏதோ கேட்பதுபோல் இருக்கும்.

முன்பக்கம் எண்ணெய் மின்னியது.

*

கிறிஸ்துமஸ் நெருக்கத்தில், குடில் பொம்மைகளை எடுக்க அவள் கதவைத் திறந்தாள். கதவு கீலோடு கையில் வந்துவிட்டது. உள்தட்டு சரிந்தது.

"ஏங்க, இங்க வாங்களேன்."

போகும்போதே முகத்தைத் தயார் செய்துகொண்டான். போலி மருந்தை விற்றுவிட்டான் பாவி என்று சொல்ல வாயும் தயாராக இருந்தது.

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியெல்லாம் மண். சுற்றிலும் ஆடுகளும் இடையர்களும் சிதறிக் கிடந்தார்கள்.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த மனுசன் அளவே எடுக்கமாட்டாருங்க. பாருங்க, ஒரு கதவு பெருசு, ஒண்ணு சிறுசு. ஏன் இப்படின்னு கேட்டா, நானும் நீயும் மாதிரிதானேன்னு சொல்லுவாரு."

அந்தச் சிரிப்பை அவன் அதுவரை கேட்டதில்லை.

மருந்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை.

*

மிஞ்சிய பலகைகளைக் கொல்லையில் வெந்நீருக்கு எரித்தார்கள்.

பேச்சு மட்டும் நிற்கவில்லை. காபி ஆற்றும்போது, கீரை ஆயும்போது, கொடியில் துணி போடும்போது எல்லாம் அமலதாஸ் வந்தான். அவனுக்குப் பல்லி என்றால் பயம். சர்க்கரை போட்டால் காபி குடிக்கமாட்டான். கோயிலில் பாட்டுக்கு எல்லோருக்கும் முந்தி ஆரம்பித்து, எல்லோருக்கும் பிந்தி முடிப்பான்.

"அலமாரி கண்ணெதிர்ல இருந்தவரைக்கும் அவரை நெனைச்சுக்கவே வேண்டியிருக்கலைங்க," என்றாள். "இப்ப சொல்லாம விட்டா மறந்துடுவேனோன்னு இருக்கு. உங்களுக்குச் சங்கடமா இருந்தா நிறுத்திக்கிறேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சொல்லு."

அலமாரிக்கு ஒரு மூலை போதுமாயிருந்தது.

ஒரு ஞாயிறு. பூசை முடிந்து வந்தவள் கட்டிலில் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். துடைக்க எதுவும் இல்லை. கைகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

கல்யாணமான வருஷம், மணப்பாறை ரோட்டில், கொட்டுகிற மழையில் லாரி நின்றுபோன கதையை ஆரம்பித்தாள். அவளும் லாரியில் இருந்தாளாம். சரக்கு முழுக்க வெங்காயமாம். நனையாமலிருக்க அமலதாஸ் தன் சட்டையையும் கழற்றி மேலே போர்த்தினானாம். எதிரே ஒரு வண்டி வந்ததாம்.

அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. பாதியில் எழுந்து ஓடினாள்.

அவன் பேப்பரை விரித்தான். ஒரு எழுத்தும் ஓடவில்லை.

அடுப்படியில் பாத்திரங்கள் உருண்டன. குழாயில் தண்ணீர் விழுந்தது. அவள் வேறு வேலையில் இறங்கிவிட்டாள்.

இத்தோடு விட்டுவிடலாம்.

பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தான். அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்புறம்?" என்றான். "அந்த வண்டி நின்னுச்சா?"