இறங்கிய கோடு

"இந்தக் கோட்டைப் பாருங்க. மூணு வாரமா சறுக்குமரம் மாதிரி இறங்குது."

வாசிப்பு டீச்சர் தாளைத் திருப்பிக் காட்டினார். எதிரே சிட்டுவின் அப்பா, லிஃப்ட் ரிப்பேர்காரர், கிரீஸ் ஒட்டிய கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு விளையாட்டு பீரியடில்தான் தனி வகுப்பு. வாரா வாரம் ஒரு நிமிஷம் வாசிக்கவிட்டு, சரியாகப் படித்த வார்த்தைகளை எண்ணி வரைபடத்தில் புள்ளி வைப்பார் டீச்சர். அறுபதைத் தொட்டால் விடுதலை, மைதானத்துக்கு ஓடலாம். தொடர்ந்து மூன்று வாரம் இறங்கினால் இன்னொரு பருவம் இங்கேயேதான்.

சிட்டு ஐம்பத்தைந்து வரை வந்துவிட்டாள். பிறகு நாற்பத்தாறு, முப்பத்தெட்டு, இன்று முப்பத்தொன்று.

"வீட்ல டிவியா, போனா?"

"ரெண்டும் இல்லீங்க டீச்சர்."

"தினம் அரை மணி வாசிக்க வைக்கச் சொன்னேனே."

"ஒரு மணி நேரமே வாசிக்குதுங்க."

டீச்சர் நம்பவில்லை. கதை விடுவதில் பெற்றோரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பது அவருடைய இருபது வருட அனுபவம்.

ஜன்னலோரம் நின்ற சிட்டு மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிநேகிதிகள் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். பந்து இந்தப் பக்கம் உருண்டபோது அவள் கால் தானாக அசைந்தது. அந்த ஏக்கத்தைப் பார்க்க டீச்சருக்கே மனசு கேட்கவில்லை.

"அங்க போகணும்னு ஆசை இல்லையா உனக்கு?"

"இருக்கு டீச்சர். ரொம்ப இருக்கு."

"அப்புறம் ஏன் ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்னு நின்னு படிக்கிறே? முன்னாடி கடகடன்னு வந்துச்சே."

சிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"தப்பு என்னோடதுதான் டீச்சர்" என்றார் அவர்.

"இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே." டீச்சர் ஒரு படிவத்தை நீட்டினார். "இன்னொரு பருவம் இங்க இருக்க சம்மதம்னு கையெழுத்துப் போடுங்க."

போன தடவை நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிய மனிதர்தான். இந்தத் தடவை பேனாவை வாங்கவே இல்லை. படிவத்தை மேஜையில் விரித்து, முதல் வார்த்தைக்குக் கீழே விரலை வைத்தார்.

"எ... ன்... என்." விரல் நகர்ந்தது. "ம... க... ள்... மகள்."

நெற்றி வியர்த்துவிட்டது. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நேரமாகுதுங்க. நான் வேணா படிச்சுச் சொல்லட்டுமா?"

சிட்டு ஜன்னலை விட்டு ஓடிவந்தாள். அப்பாவின் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலையும் வைத்து, அவரோடு சேர்ந்து ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று படித்தாள்.

"கொஞ்சம் பொறுங்க டீச்சர்" என்றாள், தலையைத் தூக்காமலே. "போன மாசம் அப்பாவுக்கு நிமிஷத்துக்கு மூணு வார்த்தைதான். இப்ப பதினொண்ணு வந்துடுச்சு."