உள்ளங்கையில் அடங்கும் கார்

நாற்பது நாள் கழித்து வந்து சேர்ந்த பார்சலை அமலா அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். கணவர் பாலச்சந்திரன் குளியலறையிலிருந்து வெளியே வருவதற்குள் மேலே அரிசியைத் தள்ளிச் சமமாக்கி, மூடியை அழுத்தினாள். இருபது வருடத்தில் அவருக்குத் தெரியாமல் அவள் செய்த முதல் காரியம் அது.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமைதோறும் அவர் தளேகாவ் ஊருக்கு லோக்கல் ரயில் பிடித்துப் போவார். சாகண் தொழிற்சாலையில் கூட வேலை பார்க்கும் விச்சுவின் வீடு அங்கேதான். இரண்டு பேருமாகச் சேர்ந்து மூன்று வருடமாக ஒரு பொம்மைக் காரைச் செய்துகொண்டிருந்தார்கள்.

"பொம்மை இல்ல, மாடல்," என்று திருத்துவார்.

வாரம் முழுக்க 'ம்', 'சரி' என்று இரண்டே சொல்லில் குடித்தனம் நடத்துகிறவர், ஞாயிறு காலை இட்லித் தட்டின் முன் மட்டும் பத்து நிமிடம் பேசுவார். காரின் கதவு பொருந்திவிட்டது, சிவப்புப் பெயிண்ட் இரண்டாவது பூச்சு ஆயிற்று. அந்தப் பத்து நிமிடத்துக்காக அமலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்காருவாள். பிறகு அவருடைய சட்டைப் பையில் ஒட்டியிருக்கும் வேர்க்கடலைத் தோலை உதறிவிட்டுத் துவைக்கப் போடுவாள்.

"எல்லாம் சரியா வந்துடுச்சு. சக்கரம்தான் பிளாஸ்டிக், பார்க்கச் சகிக்கல," என்றார் ஒரு ஞாயிறு. "கம்பிச் சக்கரம் தனியா விக்கிறாங்க, வெளிநாட்டுல. அதைப் போட்டா காரோட களையே வேற."

"கார் எவ்வளவு பெரிசு?"

"உள்ளங்கையில அடங்கிடும்."

அன்றே கைபேசியில் தேடினாள். இங்கிலாந்தில் ஒரு கடை. 1:24, 1:43 என்று இரண்டு அளவு போட்டிருந்தது. கார் சின்னதாயிற்றே என்று 24ஐ அழுத்தினாள்.

சனிக்கிழமை காலை, பெட்டிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி நீட்டினாள். கண்ணாடி மூடிக்குள் நான்கு சக்கரங்கள். ஒவ்வொன்றும் பத்து ரூபாய் நாணயம் அளவு. உள்ளே தலைமுடி போன்ற கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக. பாலச்சந்திரன் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கல்யாண நாளையே மறந்தவருக்கு இது கொஞ்சம் அதிகம்தான்," என்று அமலா சிரித்தாள். "நானும் வரட்டுமா? ஒரே ஒரு தடவை. மாட்டுறதைப் பார்த்துட்டு வந்துடறேன்."

"வேண்டாம். பெயிண்ட் நெடி. உனக்குத் தலைவலி வந்துடும்."

பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

மதியம் மகள் சஹானாவிடம் பெருமையாகச் சொன்னாள். பொறியியல் முதல் வருடம் படிக்கும் சஹானா, அம்மாவின் கைபேசியை வாங்கிப் பார்த்தவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அரே அம்மா, தப்பு சைஸ்! ஒரு கேக்கை இருபத்துநாலா கட் பண்ணா பீஸ் பெருசா, நாற்பத்துமூணா கட் பண்ணா பெருசா?"

"இருபத்துநாலா வெட்டினாதான்..."

"அதான்! இது பெரிய காரோட வீல். அப்பாவோட குட்டிக் காருக்கு இது லாரி டயர் மாதிரி. ஃபிட்டே ஆகாது. நீ நிஜமாவே பி.காம்-மா?"

அமலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. விச்சுவின் முன்னால் பெட்டியைப் பிரித்து, மாட்ட முடியாமல் அவர் முழித்திருப்பார். இனி காரைப் பற்றி அவளிடம் ஏன் வாயைத் திறக்கப் போகிறார்? இரண்டு முறை அழைத்தாள், அவர் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்கும் வார்த்தைகளை யோசித்தபடியே வெங்காய பஜ்ஜி போட்டாள்.

ஏழு மணிக்கு வந்தார். உட்காருவதற்கு முன்பே சொன்னார்.

"கச்சிதம், அமலா. அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உட்கார்ந்துடுச்சு. விச்சு அசந்துட்டான்."

சஹானா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"நீ உள்ள போய்ப் படி," என்றாள் அமலா. கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தாள்.

"நான் சைஸ் தெரியாம வாங்கிட்டேங்க. அது பெரிய காரோடது. உங்க காருல ஏறவே ஏறாது."

கீழே ஆளந்தி சாலையில் ஒரு பேருந்து விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது ஓய்ந்த பிறகு, பாலச்சந்திரன் பையைத் திறந்து பெட்டியை எடுத்து பஜ்ஜித் தட்டின் பக்கத்தில் வைத்தார். ரிப்பன், அவள் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது.

"யாருங்க அவ?"

"அப்படியெல்லாம் யாரும் இல்ல."

"விச்சு?"

"வேலையை விட்டுட்டு ஊருக்கே போயிட்டான். மூணு வருஷம் ஆச்சு."

"அப்ப கார்?"

இல்லை என்று தலையாட்டினார்.

"சனிக்கிழமை பூரா எங்கதான் இருக்கீங்க?"

"தளேகாவ் ஸ்டேஷன்ல. ஓரமா ஒரு பெஞ்சு இருக்கு. கடலை வாங்கித் தின்னுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் லோக்கல் ஏறிடுவேன்."

"அங்க என்னங்க இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"பின்ன எதுக்கு?"

அவர் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க இருக்க வேண்டாமேன்னுதான்."