வாசலோரப் பலகை

“தரையைத் துடைக்கச் சொன்னா, நாத்து நடத் தண்ணி கட்டி வச்சிருக்க.”

வாசல் கதவுக்கு உள்பக்கம் மண்டி போட்டு உட்கார்ந்து, கணவன் பலகையை அழுத்திப் பார்த்தான். ஓரம் உப்பியிருந்தது. கை வைத்ததும் கிரீச்சென்று கத்தியது.

“பிழிஞ்ச துணியாலதாங்க துடைச்சேன்,” என்றாள் மனைவி.

“அப்ப தரைக்கு வேர்த்துடுச்சா?”

இனிமேல் பார்த்துக்கொள்கிறேன் என்று முடித்துவிட்டாள்.

வீட்டுக்கு லேமினேட் தரை போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புது மாப்பிள்ளையைக் கவனிப்பது போல அதைக் கவனித்தான். கீறல் விழக் கூடாதென்று நாற்காலிக் கால்களுக்கெல்லாம் கம்பளித் துண்டு ஒட்டினான். வாளித் தண்ணீர் பக்கத்திலேயே வரக் கூடாது. மண் போகப் பெருக்கிவிட்டு, ஒட்டப் பிழிந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும். இரண்டு பலகை சேரும் இடுக்கில் தண்ணீர் இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் மரத்தூள் அட்டை ஊறிவிடும். இதெல்லாம் அவளுக்கும் மனப்பாடம். வேறு எந்த அறையிலும் ஒரு பலகைகூட உப்பவில்லை.

உப்பவைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் அவளே பார்த்தாள். மாமியார் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, செடிக்கு ஊற்றுவது போல நிதானமாக அந்த இடத்தில் ஊற்றினார்.

கணவனிடம் சொல்ல வாய் வரவில்லை. மாமியாருக்கு ஞாபகம் தவற ஆரம்பித்திருந்தது. மழைக்காலத்தில் ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு போனவரை, பஸ் நிறுத்தத்தில் நனைந்தபடி கண்டுபிடித்தார்கள். கதவைப் பூட்டி வைத்தால் உள்ளிருந்து தட்டித் தட்டி அழுதார். அதை மகனாலேயே பார்க்க முடியவில்லை. இன்னொரு தடவை வெளியே போய்விட்டால் முதியோர் இல்லம்தான் என்று சொல்லிவிட்டான். கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னான்.

தண்ணீர் ஊற்றுவதும் தெரிந்தால் வியாதி முற்றிவிட்டது என்பான். அதனால் பழியை அவளே வாங்கிக்கொண்டாள். நல்லவேளை, அந்த மழை நாளுக்குப் பிறகு மாமியார் வாசலைத் தாண்டவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று அவன் நம்பினான். அவளும் மறுக்கவில்லை.

மறுநாள் பலகை போடுகிறவர் வந்தார். ஓரத்துப் பலகை என்பதால் சுலபமாகக் கழற்றிப் புதிதாக மாட்டினார். மேலே ஏறி நடந்து காட்டினார். சத்தமே இல்லை. லேமினேட்டுக்குத் தண்ணீர் ஆகாது என்று போகிற போக்கில் அவளுக்கு ஒரு பாடமும் எடுத்தார். அதையும் கேட்டுக்கொண்டாள். கணவன் நிம்மதியாக வேலைக்குக் கிளம்பினான்.

மத்தியானம் அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது மாமியார் வாசலருகே குனிந்து நின்றார். கையில் சொம்பு. புதுப் பலகையின் இடுக்கில் பாதித் தண்ணீர் இறங்கிவிட்டிருந்தது.

அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். இத்தனை நாள் கேட்காததை அன்றுதான் கேட்டாள்.

“எதுக்கு அத்தை இப்படிப் பண்றீங்க? அவருக்குத் தெரிஞ்சா உங்கள இங்க இருக்க விடமாட்டாரு.”

மாமியார் அவளை நேராகப் பார்த்தார். அன்று கண்ணில் நல்ல தெளிவு இருந்தது.

“புதுசு கத்த மாட்டேங்குது அம்மாடி. நான் எப்பக் கிளம்பிப் போறேன்னு எனக்கே தெரியறதில்ல. அது கத்துனாத்தானே நீ அடுப்ப விட்டுட்டு ஓடி வந்து என் கையப் பிடிக்கிற?”

மருமகள் சொம்பை வாங்கி, மிச்சத் தண்ணீரையும் தானே ஊற்றினாள்.

இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்தால், அவர் கிளம்புவதை நீங்கள் எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? தயவுசெய்து பதில் எழுதுங்கள்.