வாயிலிருந்து எடுத்துக் கொடுப்பது

இன்ஜின் அணைந்த படகு, வைத்திக்குப்பத்துக்கு நேரே நடுக்கடலில் ஆடுகிறது. காற்றுச் சிலிண்டர்களில் பட்ட காலை வெயில் கண்ணைக் குத்துகிறது. முங்குவதற்கு முன் கடைசி ஒத்திகை. முக்குளிக்கக் கற்றுக்கொடுக்கும் துர்கா, கடலடியில் காற்று தீர்ந்தவருக்குக் கொடுப்பதுபோல, தன் வாயிலிருந்த மூச்சு விடும் குழாயை உருவி, சேதராப்பட்டில் கம்பெனி நடத்தும் பிரேம்குமாரிடம் நீட்டுகிறாள். முனையில் எச்சில் மினுங்குகிறது. அவர் முகத்தைச் சுளிக்கிறார். "கழுத்துல இன்னொண்ணு தொங்குதே, அதக் குடும்மா." "அது எனக்கு, சார். இதுல இவ்ளோ நேரம் நான் மூச்சு விட்டேன், வேலை செய்யும்னு தெரியும். கீழயும் இததான் குடுப்பேன்." "எச்சிலாச்சேம்மா." "ஆமா, எச்சில்தான். கீழ போயி அத யோசிக்க நேரமிருக்காது. இங்கயே கடிங்க, இல்லன்னா படகத் திருப்பிடுவேன்." அலையொன்று படகைத் தூக்கிப் போடுகிறது. குழாய் உஸ்ஸென்று சீறுகிறது. துர்கா நீட்டிய கை இறங்கவில்லை.